கார் ரேஸுக்குப் போகிறவர்களுக்கு: நிழல் கெனோபி வாங்குவதும் கட்டுவதும்

தியத்தலாவையில் பொக்ஸ்ஹில், அநுராதபுரம் சாலியபுரவில் கஜபா, களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்த. ரேஸ் எங்கே என்றாலும் மட்டக்களப்பு, அம்பாறைக்காரருக்கு அது முதல்நாளே சாமான் ஏற்றிப் புறப்படுகிற பயணம். போய்ச் சேர்ந்தபின் கார் ஓடுவது சில நிமிடம்தான். மிச்சப் பொழுதெல்லாம் பெடொக்கில் (அணிகள் காரை நிறுத்தி வேலை பார்க்கிற இடம்), வெயிலில். பத்து மணிக்கு மேல் வெளியே கிடந்த ஸ்பனரை வெறுங்கையால் தூக்க முடியாது. சூட்டும் ஹெல்மெட்டும் போட்டுக்கொண்டு முறைக்குக் காத்திருக்கிறவர் ஓட முன்னமே பாதி களைத்துவிடுவார். முதல் சீசனிலேயே வாங்கவேண்டிய சாமான் கெனோபி, அதாவது நாலு காலில் நிற்கிற துணிக்கூரை.

கலியாண வீட்டுக்கு வாடகைக்கு எடுக்கிற சமர் ஹட் போதாதா என்றால், போதாது. அது பைப்பைப் பைப்பில் பூட்டி நிறுத்துகிற வகை. முற்றத்தில் இரண்டு நாள் அசையாமல் நிற்பதற்கானது. இங்கே சொல்வது கத்தரிபோல விரிந்து சுருங்குகிற மடிப்புக் கெனோபியைப் பற்றி.

படி 1: காரை அளவுங்கள்

கடைக்குப் போகமுன் அளவு நாடாவோடு காருக்குப் போங்கள். உதாரணத்துக்கு, நிசான் மார்ச் கே11 கார் ஏறக்குறைய 3.7 மீற்றர் நீளம், 1.6 மீற்றர் அகலம். சந்தையில் அதிகம் கிடைப்பது பத்துக்குப் பத்து, அதாவது 3 மீற்றருக்கு 3 மீற்றர். அதற்குள் மார்ச் முழுதாக அடங்காது. முன்பக்கத்தை உள்ளே விட்டு இஞ்சின் வேலை பார்க்கலாம், பின்பக்கம் வெயிலில் நிற்கும். காரையும் மூடி, பக்கத்தில் ஆள் நின்று வேலை செய்ய வேண்டுமென்றால் பத்துக்குப் பதினைந்து (3க்கு 4.5 மீற்றர்) வேண்டும். பத்துக்கு இருபது வாங்கினால் காரோடு டயர், டூல் பொக்ஸ், நாலு கதிரை எல்லாம் அடங்கும். ஆனால் அதைத் தூக்க நாலு பேர் வேண்டும். ஆள் இல்லாத அணிக்கு அது வீண் சுமை.

தொடங்குகிறவர்கள் பத்துக்குப் பத்தை எடுத்து, அதை ஆட்களுக்கும் சாமானுக்கும் வைத்துக்கொண்டு, காருக்கு மேல் ஒரு வெள்ளைத் துணியைப் போட்டுவிடுவதே நல்லது என்பது எங்கள் கணிப்பு. கார் வெயிலைத் தாங்கும், ஆள் தாங்கமாட்டார்.

கால் நேராக நிற்கிறதா, சரிந்து நிற்கிறதா என்றும் பாருங்கள். சரிந்த கால் வகையில் பெட்டியில் எழுதியிருக்கும் பத்தடி நிலத்தில் காலுக்குக் கால் உள்ள அளவு. மேலே கூரை எட்டடிதான் இருக்கும். விலை குறைவதற்குக் காரணமும் அதுதான்.

மடித்த கெனோபி ஏறக்குறைய ஐந்தடி நீளம் வரும். சின்னக் காரின் டிக்கிக்குள் போகாது. பட்டா லொறியில் ஏற்றுவதா, கூரை ரெக்கில் கட்டுவதா என்பதை வாங்கமுன்னமே தீர்மானியுங்கள்.

படி 2: நிழல் எங்கே விழும்?

புதிதாக வாங்கும் அநேகம் பேர் கோட்டை விடுகிற இடம் இது. ஏப்ரல் மாதம் நம் ஊரில் மத்தியானச் சூரியன் உச்சந்தலைக்கு நேரே நிற்கும். அப்போது கெனோபியின் நிழல் கெனோபிக்குக் கீழேயே விழும். ஆனால் காலை ஒன்பது மணிக்கும் பின்னேரம் மூன்று மணிக்கும் சூரியன் 45 பாகையில் நிற்கிறது. கூரை விளிம்பு நிலத்திலிருந்து 2 மீற்றர் உயரத்தில் இருந்தால் நிழலும் 2 மீற்றர் தள்ளி விழும். 3 மீற்றர் கூடாரத்துக்குள் 1 மீற்றர்ப் பட்டைதான் நிழலில் மிஞ்சும். நாலு மணிக்கு நிழல் மூன்றரை மீற்றர் நகர்ந்துவிடும். அப்போது உங்கள் நிழலில் பக்கத்து அணிக்காரர் இருப்பார்.

அதனால் கூரையோடு சேர்த்து ஒரு பக்கத் திரையாவது கட்டாயம் வேண்டும். காலையில் அதைக் கிழக்கே கட்டுங்கள், மத்தியானத்துக்குப் பிறகு மேற்குக்கு மாற்றுங்கள். கூடாரத்தோடு திரை வராவிட்டால் ஓட்டோவுக்கு ஹுட் தைக்கிற குஷன் கடையில் கொடுத்துத் தைக்கலாம். 3 மீற்றர் அகலம், 2 மீற்றர் உயரம், மேல் விளிம்பில் அரை மீற்றருக்கு ஒரு பித்தளை வளையம், கீழ் விளிம்பில் நாலு. கீழே நிலத்திலிருந்து ஓரடி இடைவெளி விட்டால் காற்று உள்ளே வரும்.

படி 3: கடையில் சட்டத்தைப் பிடித்துப் பாருங்கள்

துணி கிழிந்தால் மாற்றலாம். சட்டம் முறிந்தால் முழுக் கெனோபியும் போச்சு. ஆகவே காசைச் சட்டத்துக்குக் கொடுங்கள்.

கைக்குள் ஒரு காந்தம் வைத்துக்கொள்ளுங்கள். ஒட்டினால் இரும்பு, ஒட்டாவிட்டால் அலுமினியம். கல்லடி, கல்முனை, ஒலுவில் போலக் கடலுக்குக் கிட்ட வீடு உள்ளவர்களுக்கு இரும்புச் சட்டத்தில் பெயின்ற் படாத வெட்டுமுனைகளிலிருந்து துரு தொடங்கும்; பைப்புக்குள் பைப் சறுக்குகிற இடத்தில் இறுகி, ஒருநாள் கால் நீளவே மாட்டாது. அலுமினியம் விலை கூட, ஆனால் இந்தக் கரையில் அது உழைக்கும். படுவான்கரைப் பக்கம், உப்புக் காற்று எட்டாத இடத்தில் இரும்பே போதும்.

அடுத்தது தடிப்பு. கால் 30 மில்லிமீற்றர்ச் சதுரப் பைப், சுவர் 0.8 மில்லிமீற்றர் என்றால் அது கடற்கரையில் பிள்ளைகளோடு இருந்து சாப்பிடுவதற்கு. ரேஸுக்கு 40 மில்லிமீற்றர்க் கால், 1.2க்குக் குறையாத சுவர் கேளுங்கள். எடையும் சுவர்த் தடிப்பும் ஒன்றென்றால் அறுகோணக் கால் சதுரக் காலைவிட முறுக்கத்தைத் தாங்கும். தடிப்பை அளக்கிற வேர்னியர் இல்லாவிட்டால் தராசில் வையுங்கள்: பத்துக்குப் பத்து இரும்புக் கெனோபி 15 கிலோவுக்குக் குறைந்தால் வேண்டாம்.

கத்தரிச் சட்டங்கள் கூடுகிற பிளாஸ்ரிக் மூட்டுகளை விரலால் அழுத்திப் பாருங்கள். வெடிப்பது எப்போதும் அந்த மூட்டுத்தான். மூட்டைத் தனியாக விற்கிற கடையில் வாங்குங்கள். வாங்கும்போதே இரண்டு மூட்டும், அதே அளவில் ஆறு பொல்ட் நட்டும் கூட எடுத்து ஒரு டின்னில் போட்டு வையுங்கள்.

படி 4: துணி

பெட்டியில் 300டி, 420டி, 600டி என்றிருக்கும். 9,000 மீற்றர் நூலின் எடை எத்தனை கிராம் என்பதுதான் அந்த எண். 600 நல்லது, 420 சமாளிக்கும். ஆனால் நீரைத் தடுப்பது நூலில்லை, உட்பக்கப் பூச்சு. துணியைக் குழியாகப் பிடித்து ஒரு கோப்பை தண்ணீர் ஊற்றி அடியில் விரலால் தேயுங்கள்; விரல் நனைந்தால் பூச்சு மெல்லிசு. தையலை வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், ஊசித்துளை தெரிந்தால் மழை அதற்குள்ளால் வரும்.

நிறம் வெள்ளை அல்லது சாம்பல். சிவப்புக் கெனோபிக்குக் கீழ் சிவப்பு வயரும் மண்ணிற வயரும் ஒன்றாகவே தெரியும்.

படி 5: பாரம்

இந்தப் பதிவில் ஒன்றை மட்டும்தான் படிக்க நேரமென்றால் இதைப் படியுங்கள். கெனோபி கூடாரம் இல்லை, காற்றை ஏந்துகிற கப்பல் பாய்.

காற்றின் வேகத்தை விநாடிக்கு மீற்றரில் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, பிறகு 0.6ஆல் பெருக்குங்கள். வருவது ஒரு சதுர மீற்றருக்கு எத்தனை நியூட்டன் அழுத்தம் என்பது. மணிக்கு 40 கிலோமீற்றர் காற்று என்றால் விநாடிக்கு 11 மீற்றர். அழுத்தம் ஏறக்குறைய 73 நியூட்டன். பத்துக்குப் பத்துக் கூரை 9 சதுர மீற்றர். கூரை முழுதாகக் காற்றை ஏந்துகிற மோசமான கணத்தில் தூக்குகிற விசை ஏறக்குறைய 67 கிலோ எடைக்குச் சமம். அதுவே 50 கிலோமீற்றர்க் காற்றானால் 105 கிலோவைத் தாண்டும். வேகம் கால்வாசி கூட, விசை பாதிக்கு மேல் கூடிவிட்டது. 20 கிலோ கெனோபி எதனால் பறக்கிறது என்று இனிக் கேட்கத் தேவையில்லை.

ஆகவே ஒரு காலுக்கு 20 கிலோ, நாலு காலுக்கு 80. பத்துக்குப் பதினைந்துக்கு ஒவ்வொரு காலுக்கும் 30 கிலோ போடுங்கள். பக்கத் திரை கட்டியிருந்தால் அந்தப் பக்கத்து இரண்டு காலுக்கும் இன்னொரு 20.

எதைப் போடுவது? லேசான வழி 20 லீற்றர்த் தண்ணீர்க் கேன்: போகும்போது வெறுமை, அங்கே நிரப்பினால் 20 கிலோ. தண்ணீரை மைதானத்தில் தேடாமல் கடைசி டவுனிலேயே நிரப்புங்கள். பசளைப் பையை இரட்டையாகப் போட்டு மண் நிரப்பிக் கட்டினாலும் சரி.

நிரந்தரமாக வேண்டுமென்றால் நீங்களே வார்க்கலாம். 4 அங்குலப் பீவீசீ பைப்பை 1 மீற்றர் நீளத்தில் நாலு துண்டு வெட்டி, அடியில் மூடி ஒட்டுங்கள். சீமெந்து 1, மணல் 2, சிறு சல்லி 3 என்று கலந்து, தண்ணீரை அளவாக விட்டு, கம்பியால் குத்திக் குத்தி நிரப்புங்கள். மேலே 10 மில்லிமீற்றர்க் கம்பியை வளைத்து ஓரடி ஆழத்துக்கு இறக்கிக் கொக்கி வையுங்கள். 50 கிலோ சீமெந்துப் பையில் கால்வாசி நாலுக்கும் போதும். மேல்வாயில் ஈரச் சாக்கைப் போட்டு ஏழு நாள் விடுங்கள். ஒவ்வொன்றும் 18, 19 கிலோ வரும்.

கட்டுகிற விதமும் முக்கியம். பாரத்தைக் காலின் அடியில் மட்டும் கட்டினால், இழுவை முழுவதும் காலை நீட்டிப் பூட்டுகிற சின்ன ஊசியில்தான் விழும். மேல் மூலையிலிருந்து கயிறு இறக்கிப் பாரத்தின் கொக்கியில் இறுக்குங்கள், பாரம் நிலத்தைத் தொட்டுக்கொண்டு நிற்க வேண்டும். பிறகு அதைக் காலோடு சேர்த்து இரண்டு இடத்தில் கட்டுங்கள். தொங்கி ஆடுகிற பாரம் காலை வளைத்துவிடும். நைலோன் கயிறு நனைந்தால் நீளும். மழைக்குப் பிறகு ஒருமுறை இறுக்குங்கள்.

ஆணி அடிக்கலாமா? புல்தரையில் ஓரடி ஆணியை, தலை வெளிப்பக்கம் சாய அடிக்கலாம். கட்டுக்குருந்த பழைய விமான ஓடுபாதை, அங்கே ஆணிக்கு வேலையில்லை. ஆணி உண்டென்று பாரத்தை வீட்டில் விடாதீர்கள். ரேஸ் காரில் கயிறு கட்டவே கட்டாதீர்கள். முறை வந்தவுடன் அவசரத்தில் யாராவது காரை எடுத்தால் கெனோபியும் கூடவே போகும்.

படி 6: வீட்டில் ஒத்திகை

மே முதல் ஓகஸ்ட் வரை கச்சான் வீசுகிற ஒரு மத்தியானத்தில் விரித்துப் பாருங்கள். கடற்கரையில் வேண்டாம். கச்சான் கரையிலிருந்து கடலுக்கு வீசுகிற காற்று, கட்டுத் தளர்ந்தால் கெனோபியை வங்காள விரிகுடாவில்தான் தேட வேண்டும். மதில் உள்ள வளவு போதும்.

விரிக்கிற ஒழுங்கு இதுதான். எதிரெதிர் மூலைகளில் இரண்டு பேர் நின்று, காலைப் பிடிக்காமல் கத்தரிச் சட்டத்தின் மேல் மூட்டைப் பிடித்து, சற்றுத் தூக்கிக்கொண்டு பின்னால் நடவுங்கள். பாதி விரிந்ததும் நிறுத்தித் துணியைப் போட்டு நாலு மூலையையும் ஒட்டுங்கள். பிறகு முழுதாக விரித்து, மூலைப் பூட்டுகள் "டக்" என்று விழும்வரை தள்ளுங்கள். ஒரு மூலை பூட்டாமலே மற்ற மூன்றையும் உயர்த்துவதால்தான் சட்டம் வளைகிறது. பூட்டுக்குக் கீழே விரல் வைக்காதீர்கள், நகம் போகும். கால்களை உயர்த்தமுன் பாரத்தைக் கட்டுங்கள். உயர்த்தியதும் கயிற்றைத் திரும்ப இறுக்குங்கள். காற்று வருகிற பக்கத்துக் கால்களைக் கடைசியில் உயர்த்துங்கள், மற்றவற்றைவிட ஒரு துளை பதிவாகவே விடுங்கள். சரிவான நிலத்தில் பள்ளப்பக்கத்துக் காலை நீட்டி, எல்லாக் காலுக்கும் கீழே பலகைத் துண்டு வையுங்கள்.

மைதானத்தில்

ஏப்ரலில் மலைநாட்டில் பின்னேர இடிமழை வழக்கம். ஒரு சென்ரிமீற்றர் மழை பத்துக்குப் பத்துக் கூரையில் 90 லீற்றர். துணி தளர்ந்திருந்தால் அது வழியாமல் ஓரத்தில் தொந்திபோலத் தேங்கும். அந்தப் பாரத்தில்தான் சட்டம் முறிகிறது. ஒரு பக்கத்தைப் பதித்துச் சரிவு கொடுங்கள். தேங்கினால் தும்புத்தடியின் துணி சுற்றிய முனையால் கீழிருந்து மெல்லத் தள்ளுங்கள். இடி கேட்டால் இரும்புக் காலடியில் நிற்காமல் வாகனத்துக்குள் ஏறுங்கள்.

காற்றை மரத்தைப் பார்த்து அளக்கலாம். புழுதியும் கடதாசியும் கிளம்பினால் மணிக்கு 20க்கு மேல்: திரையைக் கழற்றுங்கள். பெரிய கொப்புகள் ஆடத் தொடங்கினால் 40ஐத் தொட்டுவிட்டது: கெனோபியை இறக்கி மடியுங்கள். பாரம் இருக்கிறதே என்று நிற்கவேண்டாம், சட்டம் அதற்குமேல் தாங்காது.

பெற்றோல் நிரப்புவது கெனோபிக்கு வெளியே. பொலியெஸ்ரர் எரியும்போது உருகிச் சொட்டும், சொட்டு தோலில் ஒட்டும். ஜெனரேற்றரும் வெளியே, புகை உள்ளே வராத பக்கத்தில். கிரைண்டரில் பறக்கிற தீப்பொறி கூரையைச் சல்லடையாக்கும்.

ஓடுபாதை ஓரத்தில் விரிக்காதீர்கள். 2024 ஏப்ரல் 21 அன்று பொக்ஸ்ஹில்லில் கார் ஒன்று பார்வையாளருக்குள் புகுந்து 7 பேர் இறந்தார்கள். பெடொக்கில் உங்களுக்குக் காட்டிய இடம் எதுவோ அதற்குள்ளேயே நில்லுங்கள்.

வீடு திரும்பியதும்

ஈரத்தோடு மடித்த துணியில் இரண்டு மூன்று நாளில் பூஞ்சணம் பிடிக்கும், பூச்சும் உரியத் தொடங்கும். திரும்பிய அடுத்த நாளே விரித்து, நல்ல தண்ணீர் அடித்து, நிழலில் காயவிடுங்கள். சவர்க்காரத் தூள் வேண்டாம், பூச்சைத் தின்றுவிடும். கால் சறுக்குகிற இடத்தில் சிலிக்கோன் ஸ்ப்ரே அடியுங்கள். கிறீஸ் பூசினால் தியத்தலாவைப் புழுதியெல்லாம் அதில் ஒட்டி, அடுத்த ரேஸில் கால் இறங்காது.