பாட்டு மாறும் கணத்தைக் கவனிப்பது எப்படி?

ஒருவர் இசைக்கு அசைவதை வைத்து அவருடைய இயல்பை அறிய முயல்வோர் பெரும்பாலும் தவறான இடத்தையே பார்க்கிறார்கள். கைகால்களை எவ்வளவு வீசி ஆடுகிறார் என்பது ஒத்துணர்வை, அதாவது பிறர் உணர்வைத் தானும் உணரும் இயல்பை, காட்டாது. ஃபின்லாந்தின் யுவாஸ்குலா பல்கலைக்கழகத்தில் ஜெஃப் லக் குழுவினர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வெளிநோக்கு மிக்கவர்கள், அதாவது பிறரோடு கலகலப்பாகப் பழகுபவர்கள், அதிகமாகவும் வேகமாகவும் அசைந்தார்கள் என்று தெரியவந்தது. எனவே ஆட்டத்தின் அளவு ஆளுமையின் அந்தக் கூற்றையே முதலில் பேசுகிறது. ஒத்துணர்வைத் தேட வேண்டிய இடம், ஒரு தாளம் அறுந்து வேறொரு தாளம் தொடங்கும் சில நொடிகள். ஜோஷுவா பாம்ஃபோர்டும் ஜேன் டேவிட்சனும் செய்த தொடக்கநிலை ஆய்வு, ஒத்துணர்வை இணக்க குணத்தோடும் தாளத்துக்கு ஒத்தசையும் திறனோடும் தொடர்புபடுத்தியது.

இதை நீங்களே கவனித்துப் பார்க்க, வேகத்தில் வேறுபடும் இரண்டு இசைத்துண்டுகள் வேண்டும். நிமிடத்துக்கு 100 தாள அடி, 125 தாள அடி என்ற அளவு பொருந்தும்; 60, 120 என்று இரட்டிப்பாக எடுத்தால் ஆள் பழைய அசைவையே தொடரலாம், மாற்றம் கண்ணுக்குத் தெரியாது. கேட்டுப் பழகிய பாட்டு வேண்டாம். அதற்கு உடல் நினைவிலிருந்தே ஆடிவிடும். ஒன்று முடிந்து மற்றது தொடங்கும் இடத்தில் இடைவெளியே இருக்கக் கூடாது. மாற்றம் வரும் நேரத்தையும் 20 நொடி, 35 நொடி என்று கலைத்துப் போடுங்கள், இல்லாவிட்டால் அவர் முன்கூட்டியே காத்திருக்கத் தொடங்கிவிடுவார்.

கைப்பேசியில் பக்கவாட்டிலிருந்து, முழங்கால் தெளிவாகத் தெரியும்படி படம்பிடியுங்கள். பிடித்ததை மெதுவாக ஓடவிட்டுப் பாருங்கள்: தாளம் மாறியதும் முழங்கால் சில அடிகளுக்குப் பழைய வேகத்திலேயே மடங்கி, அதன்பின் புதிய அடியில் வந்து விழக்கூடும். மாற்றத்திலிருந்து அது விழும்வரை எத்தனை அடிகள் என்பதே நீங்கள் எண்ண வேண்டியது; எண்ணிக்கை குறைந்தால் புதிய தாளத்தை விரைவில் பிடித்தார் என்று பொருள். எட்டுப் பத்து முறை செய்து, கூச்சத்தில் கழியும் முதல் இரண்டை விட்டுவிட்டு, மீதியின் சராசரியை எடுத்துக்கொள்ளுங்கள். (ஆடுபவரை நேராக உற்றுப் பார்க்காதீர்கள்; கூச்சம் தாளத்தைக் கெடுப்பதுபோல் வேறெதுவும் கெடுப்பதில்லை.)

இந்தச் சராசரியோடு ஒப்பிட்டுப் பார்க்க, ஒத்துணர்வை அளப்பதற்கென உளவியலாளர் மார்க் டேவிஸ் உருவாக்கிய 28 கூற்றுகள் கொண்ட வினாத்தாள் உண்டு. பிறர் நிலையில் நின்று பார்த்தல், பிறர் துயரில் அக்கறை, கற்பனையில் ஒன்றுதல், பிறர் இடரில் தான் பதறுதல் என நான்கு பிரிவுகள், பிரிவுக்கு ஏழு கூற்றுகள். அடிகளை எண்ணுவதற்கு முன்பே, முடிந்தால் வேறொரு நாளில், அதை நிரப்பச் சொல்லுங்கள். மொத்த மதிப்பெண்ணாகக் கூட்டாமல் பிரிவுவாரியாகப் பாருங்கள்; பதற்றம் வேறு, அக்கறை வேறு.

இங்கே ஓர் எச்சரிக்கை அவசியம். இசையும் நடனமும் கற்றவர் எந்தக் குணத்தவராயினும் விரைவில் தாளம் பிடித்துவிடுவார். தாளத்தை உணர்வதில் பங்குகொள்ளும் மூளையின் அடிக்கரு முடிச்சுகளைப் பாதிக்கும் பார்க்கின்சன் போன்ற நோய் உள்ளவருக்கு அது கடினமாகலாம். இத்தகைய தொடர்பு பலரைச் சேர்த்துப் பார்க்கும்போது தெரிவது. தனி ஒருவரின் முழங்காலை வைத்து அவரை ஈரமற்றவர் என்று முடிவுகட்டுவது வெறும் ஜோசியம்.

தொடர்பு எதிர்த்திசையிலும் ஓடுகிறது. லாரா சிரெல்லி குழுவினரின் 2014 ஆய்வில், தம் முன்னே இருந்தவரோடு ஒரே தாளத்தில் குதிக்க வைக்கப்பட்ட 14 மாதக் குழந்தைகள், அவர் தவறவிட்ட பொருளை எடுத்துக் கொடுக்க அதிகம் முன்வந்தன. பெரியவர்கள் இதைப் பழக, இருவர் எதிரெதிரே நின்று, ஒருவர் சீராக அசைய மற்றவர் பின்தொடரட்டும். முன்னவர் சொல்லாமலே வேகத்தைச் சற்று மாற்றட்டும். பின்தொடர்பவர் கையைப் பார்க்காமல் தோளையும் மூச்சையும் பார்ப்பது நல்லது, ஏனெனில் கை அசையுமுன் அவை அசைந்துவிடக்கூடும். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை இடம் மாறிக்கொள்ளுங்கள்.