மழைக்காலத்தில் மதுரையைச் சுற்றிப் பார்ப்பது எப்படி?

மதுரைக்கு நல்ல மழை கிடைப்பது ஐப்பசியை ஒட்டித்தான். அந்த நாட்களில் வருகிறவர்கள் பலர் வானிலை அறிக்கையைப் பார்த்துவிட்டு அறையிலேயே முடங்கிவிடுகிறார்கள், அது தேவையற்றது. இவ்வூரில் பெரும்பாலும் காலையில் வெயில் சுள்ளென்று அடிக்கும், நண்பகலுக்குமேல் புழுக்கம் ஏறும், பொழுது சாயும் நேரத்தில் இடி மின்னலோடு கொட்டித் தீர்த்துவிட்டு இரவுச் சாப்பாட்டு நேரத்துக்குள் வெறித்துவிடும். ஆகவே திறந்தவெளிக்குக் காலை, கூரையுள்ள இடத்துக்கு மாலை, கடைத்தெருவுக்கு இரவு என்று நாளைப் பிரித்துக்கொண்டால் பயணத்தின் பெரும்பகுதி நனையாமல் முடியும்.

தங்குவதற்கு வெளிவீதிகளுக்கு உட்பட்ட பகுதியைத் தேர்ந்தெடுங்கள். மேலப் பெருமாள் மேஸ்திரி வீதி, டவுன்ஹால் ரோடு பக்கம் அறை எடுத்தால் ரயில் நிலையமும் கோயிலும் நடந்துபோகும் தூரத்தில் இருக்கும். மழை பிடித்ததும் ஆட்டோ வாடகை ஏறிவிடுவதைப் பற்றிய கவலையும் குறையும். ஆட்டோவில் போயே ஆக வேண்டுமென்றால், ஏறுவதற்கு முன்பே வாடகையைப் பேசிவிடுவது நல்லது.

காலணியில் கொஞ்சம் கவனம் வேண்டும். ரப்பர் செருப்பைப் போட்டுக்கொண்டு ஈரத் தெருவில் நடந்தால், ஒவ்வோர் அடிக்கும் சேறு பின்னால் தெறித்து, கோயில் வாசலை அடைவதற்குள் வேட்டியின் பின்பக்கம் முழுவதும் புள்ளி விழுந்திருக்கும். குதிகாலை இறுக்கிப் பிடிக்கும் வார்ச்செருப்பே ஏற்றது. மாசி வீதிகளில் மாலைக் கூட்டத்துக்கு நடுவே குடையை விரிக்க இடம் கிடைப்பது அரிது என்பதால், மெல்லிய மழைக்கோட்டு ஒன்றையும் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

காலை நேரத்தைக் கீழக்குயில்குடி சமணர் மலைக்கோ வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளத்துக்கோ ஒதுக்கலாம். முந்தைய இரவு பலத்த மழை பெய்திருந்தால் மலையை விட்டுவிடுங்கள். ஈரப் பாறை வழுக்கும்.

மாலை மழைக்கு மீனாட்சியம்மன் கோயிலைவிடப் பொருத்தமான இடம் மதுரையில் இல்லை என்பது என் எண்ணம். நண்பகலில் சாத்திய நடையை மாலை நான்கு மணி வாக்கில் திறப்பார்கள். மேகம் திரள்வதற்கு முன்பே உள்ளே போய்விட வேண்டும். கைபேசிக்கு அனுமதி இல்லை, வெளியே பாதுகாப்பிடத்தில் கொடுத்துவிட்டுத்தான் போக வேண்டும். தரிசனம் முடிந்ததும் அவசரப்படாமல் பொற்றாமரைக் குளத்தைச் சுற்றியுள்ள மண்டபத்தில் உட்காருங்கள். கூரை விளிம்பிலிருந்து நீர் சரம் சரமாகப் படிகளில் விழுவதையும், குளத்தின் நடுவே பொன்தாமரையைச் சுற்றித் துளிகள் குமிழியிடுவதையும், படம் பிடிக்கும் கவலையே இல்லாமல் பார்த்துக்கொண்டிருக்கலாம். வருணன் ஏவிய பெருமழையிலிருந்து ஊரைக் காக்கச் சொக்கநாதர் தம் சடையிலிருந்து நான்கு மேகங்களை விடுத்து, அவற்றை நான்கு மாடங்களாகக் கூடச் செய்ததால்தான் இது நான்மாடக்கூடல் ஆனது என்னும் திருவிளையாடல் கதையை உடன் வந்த குழந்தைகளுக்குச் சொல்ல இதைவிட நல்ல இடமும் நேரமும் வாய்க்காது. நனைந்த கருங்கல் தரையில் மட்டும் பார்த்து நடக்க வேண்டும்.

1636-இல் கட்டப்பட்ட திருமலை நாயக்கர் மகாலிலும் பருத்த தூண்களுக்கு இடையே நின்றபடி நடு முற்றத்தில் மழை பெய்வதைப் பார்க்கலாம். இரவு ஒலி ஒளிக் காட்சிக்குப் போவதாக இருந்தால், நடக்கிறதா என்று முன்பே விசாரித்துக்கொள்ளுங்கள்.

மழை விட்டதும் கடைத்தெரு. சுக்கும் ஏலமும் மணக்கும் சூடான பருத்திப்பாலுக்கு இதுதான் சரியான பருவம். பருத்திக்கொட்டையை ஊறவைத்து, ஆட்டிப் பிழிந்து, வெல்லமோ கருப்பட்டியோ சேர்த்துக் காய்ச்சுவார்கள். அதன்பின் சூடான இட்லியோ கறிதோசையோ சாப்பிடலாம். ஜிகர்தண்டா குளிர்ச்சி என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. மதுரைக்காரர்கள் மழையிலும் குடிக்கத்தான் செய்கிறார்கள். சுங்குடிச் சேலை வாங்க எண்ணினால் தீபாவளிக்கு முந்தைய நாட்களைத் தவிர்த்துவிடுங்கள். விளக்குத்தூண் பக்கம் அப்போது கால் வைக்க இடமிருக்காது.

வைகையைப் பாலத்தின் மேலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 71 அடி வரை நீர் தேக்கக்கூடிய வைகை அணையில் நீர்மட்டம் 66 அடியைத் தொட்டதும் முதல் வெள்ள எச்சரிக்கையும், 68.5 அடியில் இரண்டாவதும், 69 அடியில் மூன்றாவதும் விடுப்பது வழக்கம். தேனிப் பக்கத்து மலைகளில் பெய்த மழையால், மதுரையில் தூறல்கூட இல்லாத நாளிலும் ஆற்றில் வெள்ளம் வரக்கூடும். எனவே யானைக்கல் தரைப்பாலத்தில் தண்ணீர் ஏறியிருந்தால் இறங்கவே கூடாது.

வங்கக் கடலில் தாழ்வு நிலை உருவாகி நாள் முழுதும் நசநசவென்று தூறினால் மேற்சொன்ன கணக்கு செல்லாது. அன்று 2023-இல் திறக்கப்பட்ட கீழடி அருங்காட்சியகத்துக்கோ, இராணி மங்கம்மாளின் தமுக்கம் அரண்மனையில் இயங்கும் காந்தி நினைவு அருங்காட்சியகத்துக்கோ போய்விடலாம். விடுமுறை நாள் எது என்பதை மட்டும் கிளம்புமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.