ஆயுத விஞ்ஞானிகளைத் தொழில்துறைப் பணிக்குப் பயிற்றுவித்தல்

ஆயுத ஆய்விலிருந்து தொழில்துறைக்கு வருபவரின் பட்டங்களைக் கேட்பதற்கு முன், அவர் அன்றாடம் எந்தக் கருவியில் என்ன வேலை செய்தார் என்பதை விரிவாகக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். எவற்றை வெளியே சொல்லலாம் என்பதை அவருடைய பழைய நிறுவனத்திடமிருந்து எழுத்து வடிவில் முன்கூட்டியே பெற்றுவிட வேண்டும். இல்லையென்றால் நேர்காணலில் அவர் வாய் திறக்கவே தயங்குவார்.

சோவியத் ஒன்றியம் சிதறிய பின், 1994இல் மாஸ்கோவில் இயங்கத் தொடங்கிய சர்வதேச அறிவியல் தொழில்நுட்ப மையம், ஆயுத ஆய்வாளர்களுக்கு அமைதிப் பணிகளின் வழியே ஊதியம் கிடைக்கச் செய்தது. மிக நல்ல ஏற்பாடு அது. ஆயினும் ஆய்வு மானியம் நிலையான வேலைக்கு ஈடாகாது.

பயிற்சியின் பெரும்பகுதி, அறிவியலைவிடச் செலவுக் கணக்கையும் முடிவெடுப்பதையும் பற்றியதாக இருக்கட்டும். உலோகத்தின் நுண்விரிசலை எக்ஸ்ரே படத்தில் கண்டறியப் பழகியவருக்குக் கொதிகலனின் பற்றவைப்பு (வெல்டிங்) இணைப்புகளைச் சோதிக்கும் அறிவியலைக் கற்பிக்கத் தேவையில்லை. ஆனால் எந்தக் குறையைத் தரக் கட்டுப்பாட்டு விதி அனுமதிக்கிறது, எதைப் பழுதுபார்க்கலாம், எதைக் கழிக்க வேண்டும் என்று குறித்த நேரத்தில் முடிவெடுத்துக் கையொப்பமிடுவது அவருக்குப் புதிது. ஆகவே உண்மையான குழாய்த் துண்டுகளைக் கொடுத்து, பழுதுபார்க்கும் செலவோடு அறிக்கை எழுதச் சொல்லுங்கள். ரஷ்யாவின் அணு ஆயுத ஆய்வு நகரமான சாரோவ் போன்ற மூடிய நகரங்களில் வெளியார் நுழைய அனுமதி தேவை என்பதால், பயிற்சியிடத்தை முதலிலேயே முடிவுசெய்யுங்கள். பயிற்சிக் காலத்தில் ஊதியத்தை ஒரு மாதம்கூட நிறுத்தாதீர்கள்.