கடல் வருமானத்தில் கிறிஸ்துமஸ் பரிசுக்குத் திட்டமிடுவது எப்படி?

மாதச் சம்பளக்காரருக்கு எழுதப்பட்ட வரவு செலவுத் திட்டங்கள் நம் ராமநாதபுரம் கடற்கரைக்கு அப்படியே பொருந்துவதில்லை. தொண்டியிலிருந்து மூக்கையூர் வரை, கடலை நம்பிய வீட்டுக்குப் பணம் தேதி பார்த்து வருவதில்லை. காற்றையும், வலையில் விழும் மீன்பாட்டையும் பொறுத்தே வருகிறது. கிறிஸ்து பிறப்பு விழாவோ வாடைக்காற்று வீசி, புயல் கூண்டு ஏற்றப்பட்டு, படகுகள் பல நாள் கரையில் கிடக்கும் டிசம்பரில் வருகிறது. ஆகவே இந்தத் திட்டத்தின் அடிப்படை விதி ஒன்றுதான்: டிசம்பரில் வரும் பணத்தை டிசம்பர்ப் பரிசுக்குக் கணக்கில் எடுக்கக் கூடாது. தனுஷ்கோடியை அழித்த 1964-ஆம் ஆண்டுப் புயல் அடித்தது டிசம்பர் 22-ஆம் தேதி இரவில் என்பதை இங்குள்ள பெரியவர்கள் மறக்கவில்லை.

இதுவரை கணக்கே எழுதாதவர்களுக்காக இந்த முறையைப் படிப்படியாகத் தருகிறேன். ஒரு நாற்பது பக்க நோட்டும் ஒரு பேனாவும் போதும்.

படி 1: நல்ல வாரங்களை எண்ணுங்கள்

விசைப்படகுகளுக்கான 61 நாள் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15-இல் தொடங்கி ஜூன் 14-இல் முடிகிறது. அதன் பின் கைக்கு வரும் முதல் பணம் பள்ளிக் கட்டணத்துக்கும், நோட்டுப் புத்தகத்துக்கும், தடைக்காலத்தில் ஏறிய மளிகைப் பாக்கிக்கும் போய்விடும் என்பதால், பரிசுச் சேமிப்பை ஜூலை முதல் வாரத்தில் தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்துவரும். ஜூலை தொடக்கம் முதல் நவம்பர் இறுதி வரை ஏறக்குறைய 22 வாரங்கள் உள்ளன. இவற்றில் காற்று, படகுப் பழுது, வேலைநிறுத்தம், உடல்நலக் குறைவு ஆகியவற்றுக்காக 7 வாரங்களைக் கழித்து, 15 வாரங்களை மட்டும் சேமிக்கக்கூடிய வாரங்களாகக் கொள்ளுங்கள். நாட்டுப்படகுக் குடும்பங்களுக்கு இந்தத் தடை இல்லை. வடகடலில் (பாக் நீரிணைப் பக்கம்) தொழில் செய்பவருக்கும் தென்கடலில் (மன்னார் வளைகுடாப் பக்கம்) தொழில் செய்பவருக்கும் மீன்பாடு நன்றாக இருக்கும் மாதங்களும் வேறு வேறு. ஆதலால் சென்ற ஆண்டு எந்த மாதத்தில் கையில் காசு புழங்கியது என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து நினைவுபடுத்தி, உங்கள் எண்ணிக்கையை நீங்களே முடிவு செய்யுங்கள்.

படி 2: உச்சவரம்பை முதலில் எழுதுங்கள்

யாருக்கு என்ன வாங்குவது என்ற பேச்சைத் தொடங்குவதற்கு முன்பே மொத்தத் தொகையை எழுதிவிட வேண்டும். பெயர்களில் தொடங்கினால் பாசம் தொகையை ஏற்றிக்கொண்டே போகும். எடுத்துக்காட்டாக, நல்ல வாரம் ஒன்றுக்கு 500 ரூபாய் ஒதுக்க முடிந்தால் 15 வாரத்தில் 7,500 ரூபாய் சேரும். இதில் பத்தில் ஒரு பங்கான 750 ரூபாயை எதிர்பாராத செலவுக்கென்று தனியே எடுத்து வையுங்கள். மீதியுள்ள 6,750 ரூபாய்தான் உங்கள் பரிசுப் பணம்.

மீனவ மகளிர் சேமிப்பு நிவாரணத் திட்டத்தில் 1,500 ரூபாய் கட்டி, அரசின் 3,000 ரூபாயும் சேர்ந்து 4,500 ரூபாயாகப் பெறும் பெண்கள் நம் ஊர்களில் பலர் இருக்கிறார்கள். அந்தத் தொகையைப் பரிசுக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. அது மீன்பாடு குறைந்த மாதங்களில் அடுப்பு எரிய வேண்டும் என்பதற்காகவே வரும் பணம்.

படி 3: பெயர்ப் பட்டியல்

நோட்டின் ஒரு பக்கத்தில் நான்கு கட்டங்கள் போடுங்கள்: யாருக்கு, என்ன பொருள், ஒதுக்கிய தொகை, ஆன செலவு. கடைசிக் கட்டம் இப்போது காலியாகவே இருக்கட்டும். 6,750 ரூபாயை ஒரு குடும்பம் இப்படிப் பிரிக்கலாம்: இரண்டு பிள்ளைகளின் உடுப்புக்கு 1,600, மாமியாரின் சேலைக்கு 700, கணவன் மனைவி இருவருக்கும் 1,500, ஞானப்பிள்ளைகள் (திருமுழுக்கில் நாம் ஞானப்பெற்றோராக நின்ற பிள்ளைகள்) இருவருக்கு 800, உடன்பிறந்தவர்களின் பிள்ளைகள் நால்வருக்குத் தலா 150 வீதம் 600, பலகாரத் தட்டு அனுப்பும் ஆறு வீடுகளுக்குத் தலா 125 வீதம் 750, அன்பியத்தின் (பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) வழியாக ஓர் ஏழைக் குடும்பத்துக்கு 500, பேருந்துக்கும் பரிசுத் தாளுக்கும் 300.

பட்டியல் உச்சவரம்பைத் தாண்டினால் பெயரை வெட்டாமல் தொகையைக் குறையுங்கள். குறிப்பாகப் பக்கத்து இந்து, முஸ்லிம் வீடுகளுக்குப் போகும் தட்டுகளை நிறுத்திவிடாதீர்கள். பொங்கலுக்கும் பெருநாளுக்கும் நம் வீட்டுக்குத் தட்டு வரும் முறை இந்தக் கரையில் இன்றும் இருக்கிறது.

புதிதாகத் திட்டமிடுபவர்கள் பெரும்பாலும் தவறவிடுவது பொருளோடு ஒட்டி வரும் சில்லறைச் செலவுகளைத்தான். 700 ரூபாய் ஒதுக்கிவிட்டு 700 ரூபாய்க்கே சேலை எடுத்தால், ஓரம் அடிக்கவும் ஃபால்ஸ் வைக்கவும் ரவிக்கைத் துணிக்கும் தையல்கூலிக்கும் வேறு பணம் தேட வேண்டியிருக்கும். எனவே சேலையின் விலையைக் குறைத்து எடுத்து, இவை எல்லாவற்றையும் அந்த 700-க்குள் அடக்குங்கள். பிள்ளைகளின் பொம்மைக்கு பேட்டரியும் இப்படித்தான்.

படி 4: பணத்தைக் கண்ணுக்கு மறைவாக வையுங்கள்

அரிசிப் பானையில் வைக்கும் சிறுவாட்டுக் காசு அவசரத்தில் முதலில் கரைந்துவிடும். அஞ்சலகச் சேமிப்புக் கணக்கிலோ மகளிர் குழுவின் சேமிப்பிலோ வாராவாரம் போட்டுவிடுவது நல்லது. சீட்டில் சேர்வதாக இருந்தால், பதிவு பெற்ற சீட்டு நிறுவனமா என்று விசாரித்த பின்னரே சேருங்கள்.

படி 5: எதை எந்த மாதத்தில் வாங்குவது

பெரியவர்களின் சேலை, வேட்டியை ஆடித் தள்ளுபடியிலேயே எடுத்துவிடலாம். அவர்களுக்கு அளவு மாறப்போவதில்லை. வளரும் பிள்ளைகளின் உடுப்பை நவம்பருக்கு முன் எடுக்க வேண்டாம். தையல் வேலையை நவம்பர் நடுவில் கொடுத்துவிட்டால், டிசம்பர்க் கூட்டத்தில் தையல்காரர் வீட்டு வாசலில் காத்து நிற்க வேண்டியதில்லை.

மதுரையிலும் சென்னையிலும் இருக்கும் உறவினருக்குக் கடையில் பரிசு தேடுவதை விட, நம் மண்ணின் பொருளைக் கொடுப்பது செலவும் குறைவு, அவர்களுக்கும் மகிழ்ச்சி. சாயல்குடிப் பக்கத்துக் கருப்பட்டியைப் பதநீர்ப் பருவத்திலேயே வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். மழை ஈரம் பட்டால் இளகிவிடும். கருவாட்டையும் மழைக்கு முன்னரே, செப்டம்பர் வெயிலில் நன்றாகக் காயவைத்துக் கட்டி வைக்க வேண்டும். இரண்டையும் பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் பரிசுத் தாளும் தேவையில்லை. ஆனால் ஒன்று: கருவாட்டையும் கருப்பட்டியையும் ஒரே பெட்டியில் வைத்தால் இனிப்பில் மீன்வாடை ஏறிவிடும்.

படி 6: திருவருகைக் கால ஞாயிறுகளில் சரிபார்ப்பு

கிறிஸ்து பிறப்புக்கு முந்தைய நான்கு ஞாயிறுகளைக் கொண்ட திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27-க்கும் டிசம்பர் 3-க்கும் இடையில் வரும். அன்று பூசை முடிந்து வந்ததும் நோட்டைத் திறந்து, வாங்கிய பொருள்களின் உண்மைச் செலவைக் கடைசிக் கட்டத்தில் எழுதுங்கள். இரண்டாம் ஞாயிற்றுக்குள் கடைச் செலவு முழுவதும் முடிந்திருக்க வேண்டும். மூன்றாம் ஞாயிறு பலகாரச் சாமான்களுக்கு. நான்காம் ஞாயிற்றுக்கு எந்தச் செலவையும் வைக்காதீர்கள்.

பணம் குறைந்தால் என்ன செய்வது?

நல்ல வாரங்கள் 15 வராமல் 10 மட்டுமே வந்தால் கையில் 5,000 ரூபாய்தான் இருக்கும். அப்போது கணவன் மனைவிக்கான 1,500-ஐ முதலில் நீக்குங்கள். எதிர்பாராத செலவுக்கென்று 750-ஐத் தனியே எடுத்து வைப்பதையும் விட்டுவிடுங்கள். மிச்சம் குறைவது 250 ரூபாய்தான், அதை உடுப்பில் சரிக்கட்டிவிடலாம். வட்டிக்கு மட்டும் வாங்காதீர்கள். ஐந்து வட்டிக்கு 5,000 ரூபாய் வாங்கினால் மாதம் 250 ரூபாய் வட்டி; ஜூன் வரை ஆறு மாதத்தில் 1,500 ரூபாய் கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். வியாபாரியிடம் முன்பணம் வாங்கினால் வட்டி கண்ணுக்குத் தெரியாது. ஆனால் மீனை அவரிடமே, அவர் சொல்லும் விலைக்கே போட வேண்டியிருக்கும்.

படி 7: ஜனவரியில் ஒரு மணி நேரம்

ஜனவரித் தொடக்கத்தில் வரும் மூன்று இராஜாக்கள் திருநாள் முடிந்த வாரத்தில், ஒதுக்கிய தொகையையும் ஆன செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எங்கே நூறு ரூபாய்க்கு மேல் வித்தியாசம் இருக்கிறதோ, அங்கே காரணத்தை ஒரு வரியில் எழுதுங்கள். எதிர்பாராத செலவுக்கென்று வைத்த 750 ரூபாய் மிஞ்சியிருந்தால், அதை ஏப்ரல் 15-இல் தொடங்கும் தடைக்காலத்தின் மளிகைக் கணக்குக்கு மாற்றி, அதே பக்கத்தின் அடியில் தேதியோடு குறித்து வையுங்கள்.