குடும்பச் சண்டையிலிருந்து ஓர் அரசியல் திரில்லர் எழுதுவது எப்படி

கொழும்பில் புதுக்கடையில், காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசிடம் இருபத்திரண்டு வருடம் எழுதுவினைஞராக இருந்தேன். உறுதி எழுத வந்த குடும்பங்களைப் பார்த்துத்தான் எனக்குக் கதை எழுத வந்தது. ஒரு நாள் ஓர் அக்காவும் தம்பியும் தகப்பனைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். வெள்ளவத்தை வீட்டைத் தம்பியின் பேருக்கு எழுத வேண்டும். அக்கா ஒரு வார்த்தை பேசவில்லை. கை நடுங்கிய தகப்பனுக்குப் பேனாவைப் பிடித்துக் கொடுத்தது அவர்தான். கையெழுத்து முடிந்ததும் மூடியைத் தேடி எடுத்துப் போட்டதும் அவர்தான். அந்த அக்காவின் கையை நினைத்துக்கொண்டே என் இரண்டாவது நாவலை எழுதி முடித்தேன்.

அதனால் சொல்கிறேன், முதலில் சதியைத் தேடிப் போகாதீர்கள். நீங்கள் எழுதப்போகும் வீட்டில் யாருக்கு எது கிடைக்காமல் போனது என்று ஒரு பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். சீதனம், படிப்பு, கனடாப் பயணம், அப்பா மேடையில் சொன்ன பெயர், சொல்லாமல் விட்ட பெயர். கொலையோ ஊழலோ எதுவானாலும் அந்தப் பக்கத்திலிருந்து கிளம்ப வேண்டும்.

அப்புறம் தேர்தல் சட்டத்தைப் படியுங்கள். நம் இலங்கைச் சட்டத்திலேயே ஒரு குடும்பக் கதை இருக்கிறது. பாராளுமன்றத்தின் 225 பேரில் 196 பேர் மாவட்டங்களிலிருந்து வருகிறார்கள், 29 பேர் நாடு முழுவதும் கட்சிகள் பெற்ற வாக்குப்படி நிரப்பப்படும் தேசியப் பட்டியலிலிருந்து. மாவட்டத்தில் கட்சிக்குப் புள்ளடி போட்டபின், அதே கட்சியின் மூன்று வேட்பாளர்கள் வரை விருப்பு வாக்குப் போடலாம். ஆகவே ஒரு வேட்பாளருக்கு மிகக் கிட்ட நிற்கும் போட்டியாளர் அவருடைய சொந்தப் பட்டியலிலேயே இருக்கிறார். அக்காவையும் தம்பியையும் கொழும்பு மாவட்டத்தில் ஒரே பட்டியலில் நிறுத்துங்கள். அம்மாவிடம் மூன்று விருப்பு வாக்கு இருக்கிறது, இரண்டு பிள்ளைகளுக்கும் தாராளமாகப் போடலாம். அவர் ஒருவருக்கு மட்டும் போட்டுவிட்டு வந்து சோறு பரிமாறினால்? இரகசிய வாக்கு என்பதால் யாருக்கும் தெரியாது. வாசகருக்கு மட்டும் தெரிந்தால் போதும்.

இன்னொரு விதி இதைவிடக் கனமானது. மாவட்டத்தில் தெரிவான ஓர் உறுப்பினர் இறந்தால் இங்கே இடைத்தேர்தல் கிடையாது. அதே பட்டியலில் அடுத்தபடியாக அதிக விருப்பு வாக்குப் பெற்றவர் அந்த ஆசனத்துக்கு வருவார். அக்கா வென்று, தம்பி சில நூறு வாக்குகளில் அடுத்த இடத்தில் நின்றால், அக்காவின் பிரேக் வயரை யார் அறுத்தாலும் ஊர் தம்பியைத்தான் பார்க்கும். அவன் நிரபராதியாக இருந்தால் கதை இன்னும் வலிக்கும். நான் அப்படித்தான் வைப்பேன்.

வீட்டுக் கதையையும் அரசியலையும் இணைக்க ஓர் ஆவணம் வேண்டும். காணி உறுதியைவிட நல்லது எனக்குத் தெரியவில்லை. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, காணி கைமாற நொத்தாரிசும் இரண்டு சாட்சிகளும் முன்னால் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது சாட்சி யார்? அப்பாவின் சாரதியா? பின்னாளில் கட்சியின் அமைப்பாளரா? பழைய உறுதியில் அந்தக் கையெழுத்தை அக்கா கண்டுபிடிக்கும் அத்தியாயத்தை அவசரப்படாமல் எழுதுங்கள்.

சாப்பாட்டு மேசைக் காட்சியில் மொழியைக் கவனியுங்கள். கொழும்பு வீட்டில் சண்டை தமிழில் நடக்கும், தொலைபேசி சிங்களத்தில் பேசும், பணக் கணக்கு ஆங்கிலத்துக்கு மாறும். வாசலில் நிற்கும் பாதுகாப்புப் பொலிஸ்காரர் வவுனியாவில் வேலை செய்தபோது தமிழ் பழகியவர் என்பதை நூறாவது பக்கம் வரை சொல்லாதீர்கள்.

வேகம் எப்படி வருகிறது என்று பழக 2018ஆம் ஆண்டுப் பத்திரிகைகளைத் திகதிவாரியாக வாசியுங்கள். ஒக்டோபர் 26 இரவு பிரதமர் நீக்கப்படுகிறார், நவம்பர் 9 பாராளுமன்றம் கலைக்கப்படுகிறது, 13ஆம் திகதி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை போடுகிறது, 16ஆம் திகதி சபைக்குள் மிளகாய்த் தூள் பறக்கிறது. கலைத்தது செல்லாது என்ற டிசம்பர் 13 தீர்ப்பு வரை ஏழு வாரம். உங்கள் வீட்டுக்கும் அப்படி ஒரு நாட்காட்டி போடுங்கள். வேட்புமனு நாளில் தொடங்கி, கட்சி முடிவு வந்தபின்னும் விருப்பு வாக்கு எண்ணிக்கைக்காக விழித்திருக்கும் இரவில் முடிக்கலாம். உண்மையான அரசியல்வாதி யாரையும் பெயர் மாற்றி உள்ளே கொண்டுவராதீர்கள். அவருடைய நிழல் உங்கள் பாத்திரத்தை வளர விடாது.

முதல் பிரதியை ஒரு வீட்டின் மூத்த பெண்பிள்ளைக்கு வாசிக்கக் கொடுங்கள். நான் என் அக்காவிடம் கொடுத்தேன். மூன்று நாள் கழித்து ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "இவ்வளவு சண்டைக்கும் நடுவில் எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறார்களே, அதை ஊற்றினது யார்?" அந்தப் பதிலுக்காக ஆறு அத்தியாயங்களைத் திரும்ப எழுதினேன்.