மாசியில் மல்லி வேண்டுமா? தொட்டிச் செடிக்குக் கவாத்தும், வெட்டிய பிறகு தண்ணீரும்

தஞ்சாவூரில் எங்கள் மொட்டைமாடியில் ஐந்து தொட்டி குண்டுமல்லி இருந்தது. 2023 பிப்ரவரி முதல் வாரத்தில் இரண்டு போய்விட்டன. டெல்டாவில் அறுவடைக்கு நின்ற நெல்லைச் சாய்த்ததே, பருவம் தப்பிய ஒரு மழை, அதே மழைதான். பழியை மழை மேல் போட்டுவிட்டு, தொட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். பாதிப் பங்கு என் பூவாளிக்கு!

நடுவது, மண் கலப்பது எல்லாம் தெரிந்திருக்கும் என்று வைத்துக்கொண்டு நேராகக் கவாத்துக்கு வருகிறேன்.

1. தேதி

குண்டுமல்லிக்கு நவம்பர் கடைசி வாரம். ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி, முல்லைக்கு ஜனவரி கடைசி. மூன்றையும் ஒரே நாளில் வெட்டித் தள்ளாதீர்கள். நான் குண்டுமல்லியைப் பொங்கல் லீவில் வெட்டினேன். மழை வந்தபோது செடியில் இருந்தது விரல்கடைத் துளிர் மட்டும்தான்.

2. வெட்டு

இரண்டு மூன்று நாள் முன்பே தண்ணீரை நிறுத்துங்கள். காய்ந்த குச்சி, ஒன்றோடொன்று உரசும் கிளை, நோஞ்சான் கிளை எல்லாம் அடியோடு போகட்டும். மற்றதை ஒன்றரை அடி உயரத்தில் வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிடுங்கள். பார்க்கப் பாவமாக இருக்கும், பரவாயில்லை. புதுக் கிளையின் நுனியில்தான் மொட்டு வரும்.

கத்தரி விஷயத்தில் நான் பிடிவாதக்காரன். இரண்டு அலகும் ஒன்றையொன்று உரசிக் கடக்கும் வகையை வாங்குங்கள். தட்டையான அடிப்பலகையில் அலகு இறங்கும் வகை குச்சியை நசுக்கும். சமையலறைக் கத்தரிக்கோல் வேண்டவே வேண்டாம். செடிக்கும் கெடுதல், வீட்டிலும் சண்டை.

3. தண்ணீர் (இங்கேதான் சறுக்கினேன்)

இலை இருந்தால்தான் செடி நீர் குடிக்கும். மொட்டையடித்த செடிக்கு நான் வழக்கம்போல் தினமும் ஒரு செம்பு ஊற்றினேன். தைப்பனியில் மண்ணும் காயவில்லை. அதன் மேல் மழை. துளிர் கறுத்து, தொங்கி, 'தண்ணீர் போதவில்லையோ' என்று இன்னொரு செம்பு.

கவிழ்த்தபோது சாக்கடை வாடை. பென்சில் கனத்தில் இருந்த ஒரு வேரை இழுத்தேன்; தோல் உறைபோல் கழன்று கையோடு வந்தது, உள்ளே நூல் மட்டும் நின்றது. அடித்துளையை வேரும் களிமண்ணும் சேர்ந்து அடைத்திருந்தன.

இப்போது செய்வது இதுதான்: விரலை இரண்டு கணு ஆழம் விட்டுப் பார்ப்பேன். ஈரம் தட்டினால் பூவாளியைத் தொடமாட்டேன். துளிர் இலையாக விரியும்வரை நான்கு நாளைக்கு ஒருமுறைகூடப் போதுமானதாக இருக்கிறது. மழைக்கு முன் கம்பியால் அடித்துளையைக் குத்திவிட்டு, தொட்டியை இரண்டு செங்கல் மேல் ஏற்றிவிடுவேன். அடித்தட்டு வைத்திருந்தால் எடுத்துவிடுங்கள். 'தை மழை நெய் மழை' என்பார்கள். வயலுக்குச் சரி, பதினான்கு அங்குலத் தொட்டிக்கு அல்ல.

தென்னைநார்க் கழிவு பற்றி: கோடைக்கு நல்லது. ஆனால் மழை நாளில் நனைந்த பஞ்சு மெத்தை. நான் செம்மண், மணல், மட்கிய சாணத்தோடு நிறுத்திக்கொண்டேன்.

4. உணவு

துளிர் வந்த பிறகு கடலைப்பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் கலந்து, பதினைந்து நாளுக்கு ஒருமுறை. மழை அறிவிப்பு இருந்தால் தள்ளிப்போடுங்கள்.

பின்சேர்க்கை: 'இலை கொழிக்கிறது, மொட்டு இல்லை' என்று சிலர் கேட்டிருந்தார்கள். விசாரித்தால் பாதிப் பேர் யூரியா போட்டிருக்கிறார்கள், மீதிப் பேரின் தொட்டி தண்ணீர்த்தொட்டி நிழலில். நாளுக்கு ஆறு மணி நேரமாவது வெயில் படட்டும்.

இன்னொன்று: மொட்டு சிறுத்து ஊதா நிறமாகிறதா? அது பனியால் அல்ல, மொட்டு ஈயின் வேலை. ஓட்டை விழுந்து நூல் பின்னியிருந்தால் மொட்டுப்புழு. இரண்டுக்கும் கெட்ட மொட்டைப் பறித்து அப்புறப்படுத்துங்கள், செடியடியில் போடாதீர்கள். ஈயின் புழு மண்ணுக்குள் இறங்கித்தான் கூட்டுப்புழுவாகும். மேல்மண்ணைக் கிளறி வேப்பம்பிண்ணாக்கு ஒரு கைப்பிடி. லிட்டருக்கு ஐந்து மில்லி வேப்பெண்ணெய், கரைய ஒரு சொட்டு சோப்பு, மாலையில் தெளியுங்கள். அன்று பறிக்க வேண்டிய பூவைப் பறித்த பிறகு தெளியுங்கள். நான் மறந்துபோய் முதலில் தெளித்துவிட்டேன். அன்றைக்கு வீட்டில் யாரும் பூ வைத்துக்கொள்ளவில்லை.