ரேடியேட்டர் மூடியைத் தொடாத முக்கால் மணி நேரம்

ஏற்றத்தில் காரின் டெம்பரேச்சர் முள் சிவப்பைத் தொட்டது. உடனே ஏசியை அணைத்து ஹீட்டரை முழுதாக வைத்தேன். வியர்த்துக் கொட்டினாலும் எஞ்சின் சூடு கொஞ்சம் வெளியேறும். ஓரங்கட்டி, ஹசார்டு விளக்கைப் போட்டு, எல்லோரையும் வண்டிகள் போகாத பக்கக் கதவு வழியாக இறக்கித் தள்ளி நிற்கவைத்தேன்.

பானெட் இடுக்கில் ஆவி. கூட வந்தவர் ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். கையைப் பிடித்து நிறுத்தினேன். அழுத்தத்தில் அடைபட்ட கூலன்ட், அதாவது எஞ்சினைக் குளிர்விக்கும் திரவம், 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். மூடி தளர்ந்த நொடியே பொங்கி முகத்தில் அடித்துவிடும். இந்த ஒரு விஷயத்தில் அவசரமே கூடாது.

முக்கால் மணி நேரம் கழித்து, ரேடியேட்டரின் மேல் ஹோஸ் (ரப்பர் குழாய்) தொட்டால் சுடவில்லை என்றானதும், துணி போட்டு மெல்லத் திருகினேன். ஹோஸ் ரேடியேட்டரோடு சேரும் இடத்தில் கூலன்ட் கசிந்த பச்சைக் கறை, ஈரம். ஹோஸை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் தளர்ந்திருந்தது. ஸ்க்ரூடிரைவரால் இறுக்கி, கையிலிருந்த குடிநீரை ஊற்றி, எஞ்சினை ஓடவிட்டுப் பார்த்தேன், சொட்டு இல்லை. முள்ளிலேயே கண்ணாக மெதுவாக வீடு சேர்ந்தேன்.

மறுநாள் தண்ணீரை வடித்து, வண்டிக்கேற்ற கூலன்ட் ஊற்றி, கிளாம்பையும் புதிதாகப் போட்டேன். இப்போது வாரம் ஒருமுறை, எஞ்சின் ஆறியிருக்கும்போது, ரிசர்வ் டேங்கில் மினிமம், மேக்ஸிமம் கோடுகளுக்கு நடுவே மட்டம் நிற்கிறதா என்று பார்த்துவிடுகிறேன்.